"சார்"ஆ, "என்னங்க"வா? ஏழு அத்தியாயம் முடிந்தது

சித்திரையில் நான் எழுதத் தொடங்கிய தொடர்கதை ஏழாவது அத்தியாயத்தைத் தாண்டிவிட்டது. மொத்தம் பன்னிரண்டு என்று கணக்கு. கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிலைக் கடத்தல் கும்பல். அதைப் பிடிக்க, சிலை வாங்க வந்த பணக்காரத் தம்பதியாக நடிக்கும் இரண்டு போலீஸார். சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு இன்ஸ்பெக்டர் கதிரவன், எஸ்.ஐ. மங்கை.

இந்தக் களத்துக்கு என்னை இழுத்தது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர். கோயிலிலிருந்து திருடு போன அந்தச் சிலையை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த அந்தச் சிலையின் பழைய புகைப்படம் உண்மையைக் காட்டிக் கொடுத்தது. 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். ஒரு புகைப்படம் எப்படி அவ்வளவு உறுதியான சாட்சியாகும் என்பது சுவாமிமலைக்குப் போய் வார்ப்பு வேலையைப் பார்த்தபோதுதான் புரிந்தது. மெழுகு உருவத்தின் மேல் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

முதல் மூன்று அத்தியாயங்கள் வேகமாக ஓடின. நான்காவதில் நின்றுவிட்டேன். கதிரவன்-மங்கை காதல் தனியாக, குற்றம் தனியாக, எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாமல் கிடந்தன. இரண்டு வாரம் தொடவே இல்லை. அப்புறம் ஒரு நாள் மங்கையின் வசனத்தை வாய்விட்டுப் படித்தபோது வழி கிடைத்தது. ஸ்டேஷனில் அவள் அவனை "சார்" என்பாள். வேஷத்தில் "என்னங்க" என்றாக வேண்டும். சிலைத் தரகர் வீட்டில் வாய் தவறி "சார்" வந்தால் உயிருக்கு ஆபத்து. யாருமில்லாத இடத்தில் "என்னங்க" வந்தால் அது வேறு ஆபத்து. ஒரே சொல்லில் இரண்டு கதையும் வந்து சேர்ந்துவிட்டன!

ஐந்தாவது அத்தியாயத்தை மூன்று முறை எழுதினேன். இப்போது இப்படி இருக்கிறது:

நெல் குதிருக்குப் பின்னாலிருந்து தரகர் சாக்கு மூட்டையை இழுத்து வந்து அவிழ்த்தார். ஒன்றரை அடி அம்மன். பீடத்தில் தண்டு செருகும் துளைகள். வீதி உலா போன அம்மன். மங்கையின் கைகள் தானாகக் குவியப் போயின. கதிரவன் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "வளையல் உரசிடப் போகுது. தள்ளி நில்லு."

அதுவரை அவன் அவளை ஒருமையில் அழைத்ததே இல்லை. திரும்பும்போது காரில் அவள் கேட்கிறாள்: "என்னங்க, தரகர் நம்பிட்டாரா?" அவன் பதில் சொல்லாமல் கியரை மாற்றுகிறான். முதல் வரைவில் இந்த இடத்தில் அவன் மனதை விளக்கி ஒரு பத்தியே இருந்தது. வெட்டிவிட்டேன். கியர் போதும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவர் இருக்கிறார். மஃப்டியில் போகிறவரை முடிவெட்டும் ஷூவும்தான் காட்டிக் கொடுக்கும் என்றார். உடனே இரண்டாம் அத்தியாயத்தில் கதிரவனை ஒரு மாதம் முடி வளர்க்க வைத்தேன். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் படித்தேன். சிலை நூறு வருடப் பழமையாவது உடையது என்று நிபுணர் சொல்ல வேண்டும் என்பதால் கைதுக் காட்சி கொஞ்சம் தள்ளிப்போனது.

சரி, இனி எட்டாவது. அந்த அம்மன் மங்கையின் சொந்த ஊர்க் கோயிலுடையது. சின்ன வயதிலிருந்து கும்பிட்ட முகம் என்பதால்தான் கை குவிந்தது. மேலிடத்துக்குத் தெரிந்தால் வழக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று கதிரவனிடமும் மறைத்துவிட்டாள். இப்போது சொல்லியாக வேண்டும். "சார், ஒரு விஷயம்" என்று தொடங்கி இரண்டு பக்கம், "என்னங்க" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கு "சார்" பக்கம்தான் உண்மையாகப் படுகிறது. நாளை காலையில் இரண்டையும் சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.