சரிவில் கிடத்திய மணல்மேடு

அணைக்கட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் என் தங்கை வீடு கட்டியபோது, செப்டிக் டேங்கிலிருந்து வெளிவரும் நீரை எங்கே விடுவது என்ற கேள்வி கடைசியில்தான் எழுந்தது. வழக்கம்போலக் குழி தோண்டி நாலு சிமென்ட் உறை இறக்கிவிடலாம் என்றார் மேஸ்திரி. ஆனால் இரண்டடியிலேயே கடப்பாரை பாறையில் மோதியது. வெடிப்புள்ள பாறையில் உறை இறக்கினால், மண்ணில் வடிபடாத கழிவுநீர் இடுக்குகள் வழியே கீழ்நிலத்துக் கிணற்றுக்கே போய்ச் சேரும் என்பதால் நான் ஒப்பவில்லை.

கீழே மண் போதாத இடத்தில் மேலே மணலைக் கூட்டுவதுதான் வழி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1970-களில் செம்மைப்படுத்தப்பட்ட இந்த முறையில், இயற்கை மண்ணின் மேல் இரண்டடி மணல், அதன்மேல் ஜல்லிப் படுகை, அதனுள் துளையிட்ட குழாய்கள் என்று அடுக்கி, சிறு மோட்டாரால் நாளுக்குச் சில தவணைகளாக நீரைச் செலுத்துகிறார்கள். தவணைகளுக்கு இடையே மணலுக்குள் காற்று புகுவதால்தான் அங்குள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன.

"சதுரமா குவிச்சா இடம் மிச்சமாகுமே சார்?" என்றார் மேஸ்திரி. சமதளத்தில் அது ஓரளவு செல்லும், சரிவில் செல்லாது. ஐந்து பேருக்கு நாளைக்கு 500 லிட்டர், சதுர மீட்டர் மணலுக்கு 40 லிட்டர் என்று கொண்டால் 12.5 சதுர மீட்டர் படுகை வேண்டும். அதை 1 மீட்டர் அகலத்தில், வரப்பைப் போலச் சரிவுக்குக் குறுக்கே 12.5 மீட்டர் நீட்டினோம். பாறைமேல் நீர் பக்கவாட்டில் கீழ்நோக்கியே நகரும் என்பதால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் எவ்வளவு நீர் விழுகிறது என்பதே கணக்கு. குறுகிய இடத்தில் குவித்தால் மேட்டின் கீழ் ஓரத்தில் நீர் வெளியே கசிந்துவிடும். மணலைத் தாண்டி நீரை உறிஞ்சும் மண்பரப்பைக் கணக்கிடும்போதும் படுகையையும் அதன் கீழ்ப்பக்கத்தையும் மட்டுமே சேர்க்க வேண்டும். மேல்பக்கம் உதவாது.

டியூப் லெவல் பிடித்து ஒரே மட்டத்தில் முளைக்குச்சி அடித்தபோது கோடு நேராக வரவில்லை, லேசாக வளைந்தது, வளைவோடே விட்டோம். நிலம் பத்துக்கு ஒன்று சரிவதால், படுகையை மட்டமாக வைக்கக் கீழ்விளிம்பில் மணல் 10 செ.மீ. கூடுதலாக வேண்டியிருந்தது.

முதலில் வந்த எம்-சாண்டைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தேன். காலையில் மேலே விரற்கடை கனத்துக்குத் தூள் படிந்திருந்தது. அந்தத் தூள் மணலை அடைத்துவிடும் என்பதால் லோடைத் திருப்பியனுப்பினேன். வாய்ச்சண்டை வந்ததைத் தவிர நஷ்டமில்லை. ஜேசிபியையும் உள்ளே விடவில்லை. நிலத்தை இறுக்கினால் எல்லாம் வீண். ஈரமில்லாத நாளில் மண்வெட்டியால் குறுக்குவாட்டில் கொத்திய பிறகே மணல் கொட்டினோம்.

ஐப்பசி மழைநீர் ஏறாதபடி மேல்பக்கம் ஒரு வாய்க்கால், மேட்டின்மேல் அறுகம்புல், நீர் தேங்குகிறதா என்று பார்க்கப் படுகைக்குள் ஒரு பார்வைக் குழாய். ஞாயிறுதோறும் தங்கை அதில் குச்சியை விட்டுப் பார்க்கிறாள். இதுவரை நுனி மட்டுமே நனைந்து வருகிறது.