காணாமல்போன எழுநூறு சுற்றுகள்

முதல் குளிர்காலத்தில் நான் ஸ்னோமொபைலை, அதாவது பனியில் ஓடும் வண்டியை, ஓட்டியதைவிடப் பனியைத் தோண்டியதுதான் அதிகம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவெல்ஸ்டோக் ஊருக்கு மேலே போல்டர் மலை இருக்கிறது. அங்கே ஒரு சரிவில் கூட வந்த நால்வரும் ஏறிப்போய், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். என் ஸ்னோமொபைல் மட்டும் பாதியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்தால் குழி பறித்து, அதிலேயே உட்கார்ந்துவிட்டது. எரிபொருளோடு இருநூறு கிலோவைத் தாண்டும் வண்டியை இடுப்பளவுப் பனியிலிருந்து கிளப்ப ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் பக்கத்துப் பனி லேசுப்பட்டதல்ல. அருகிலுள்ள கோப்லாண்ட் மலையில் 1971-72 குளிர்காலத்தில் மட்டும் 24 மீட்டருக்கு மேல் பெய்திருக்கிறது.

வண்டி 2009ஆம் ஆண்டின் ஸ்கி-டூ சம்மிட். 800 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கார்புரேட்டர். சக்கரத்துக்குப் பதில் சுழலும் 154 அங்குல ரப்பர் டிராக், அதில் இரண்டேகால் அங்குல உயரத்துக்குத் துடுப்புகள். ஒன்டாரியோவிலிருந்து கால்கரிக்குக் குடிவந்த ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கினேன். காகிதத்தில் சுமார் 150 குதிரைத்திறன். ஆனால் அது கடல்மட்டக் கணக்கு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய மூன்று சதவீதத் திறனை இழக்கும். 2,000 மீட்டரில் நிற்கும்போது முப்பது குதிரைகள் கீழேயே தங்கிவிடுகின்றன.

ஆக, வண்டிக்குத் திறன் போதவில்லை, திறனை வாங்கிப் பூட்ட வேண்டும் என்று முடிவுகட்டினேன். தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய சம்மிட் 2020 மாடலிலிருந்து கிடைக்கிறது. அந்த முதல் மாடல் 2,400 மீட்டர் உயரம்வரை 165 குதிரைத்திறனை விடாமல் தரும் என்றார்கள். அதன் விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாக வெளியே வந்தேன். சேலத்தில் நான் படித்த காலத்தில் ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்தவர்கள் முதலில் கைவைப்பது சைலன்சரில்தான். அந்தப் புத்தி கடல் தாண்டியும் போகவில்லை. இணையத்தில் ஒரு பைப் வாங்கினேன்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பைப் என்பது வெறும் புகைக்குழாய் அல்ல. நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் அந்த வடிவம் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதனால்தான் பைப்பை மாற்றினால் பெட்ரோல் அளவையும் மாற்ற வேண்டும். கூட வந்த துண்டுச்சீட்டில், மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையை, பெரிதாக்கு என்று தெளிவாகவே எழுதியிருந்தது. உயரத்துக்கும் குளிருக்கும் ஏற்ப வண்டியே பெட்ரோலைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடுதான் இதில் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நானாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கு மைனஸ் 22 டிகிரி. குளிர்காற்று அடர்த்தியானது, அதற்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேலே போகும் நீண்ட பாதையில் த்ராட்டிலை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு போனேன். சத்தம் பிரமாதமாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆறாவது கிலோமீட்டரில் இன்ஜின் இருமவில்லை, முனகவில்லை. யாரோ சாவியைத் திருப்பியதுபோல் நின்றது. அதன் பிறகு காட்டில் இருந்த அமைதியை நான் மறக்கப்போவதில்லை. பிஸ்டன் சிக்கிவிட்டது.

கராஜில் பிரித்தபோது எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார். மர ஆலையில் முப்பது வருடம் இயந்திரங்களைப் பார்த்து ஓய்வுபெற்றவர். ஸ்பார்க் பிளக்கின் முனை காபி நிறத்தில் இருக்க வேண்டும். என்னுடையது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது; பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பிஸ்டனில் புகைபோக்கித் துளைப் பக்கமாக மேலிருந்து கீழே கோடுகோடாகக் கிழிசல். சிலிண்டர் சுவரில் வெள்ளியைத் தீற்றியதுபோல் உருகிய அலுமினியம் ஒட்டியிருந்தது. சிலிண்டரும் போயிற்று என்று நினைத்தேன். அவர் ஒரு புட்டியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டுவந்தார். பஞ்சு சுற்றிய குச்சியை அதில் தொட்டு, தீற்றல் மேல் மட்டும் தடவச் சொன்னார். தொட்டதும் நுரைத்தது. துடைத்து, மறுபடி தடவ, மறுபடி நுரை. நுரைப்பது அலுமினியம்; நுரை நின்றால் அலுமினியம் தீர்ந்தது என்று அர்த்தம். சிலிண்டரின் உட்சுவரில் இருக்கும் நிக்கல் பூச்சை அமிலம் அவ்வளவு சீக்கிரம் தின்பதில்லை. ஆனால் துளைகளின் ஓரத்தில் பூச்சில்லாத இடத்தில் ஒரு சொட்டு பட்டால் அங்கேயே அரிக்கத் தொடங்கிவிடும். கராஜ் கதவைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் சின்னக் குழந்தைக்கு மை தீட்டுவதுபோல் தீட்டினோம். கீழே பூச்சு முழுசாக இருந்தது.

அப்போதுதான் அவர் கேட்டார்: “மேலே, முழு த்ராட்டிலில், எத்தனை சுற்று காட்டியது?”

எனக்குத் தெரியவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டியும், இன்ஜின் சுற்றுகளைக் காட்டும் டாக்கோமீட்டரை நான் பார்த்ததே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் குச்சியைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

புது பிஸ்டன்கள், ரிங்குகள், கேஸ்கட்டுகள். பைப்பைக் கழற்றிப் பழையதையே பூட்டினேன். அடுத்த குளிர்காலத்தில் முதல் வேலையாக அதே சரிவில் ஏறிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 7,400 சுற்று. இந்த இன்ஜின் தன் முழுத்திறனைத் தருவது 8,100 சுற்றுகளை ஒட்டித்தான். அதற்குக் கீழே போனால் பைப்பின் அலை தாளம் தப்பிவிடும். நான் இவ்வளவு நாளும் இன்ஜினை அதன் குரலே எழாத இடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதில் கியர் கிடையாது. நம் ஊர் கியரில்லா ஸ்கூட்டரில் இருக்கும் அதே ஏற்பாடுதான்: இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு பெல்ட். இன்ஜின் சுற்றச் சுற்ற முன்கப்பியில் உள்ள எடைகள் வெளியே விசிறி, கப்பியை நெருக்கி, பெல்ட்டை மேலே தள்ளும். எடை அதிகமானால் இன்ஜின் மூச்சு வாங்கும், சுற்று ஏறாது. முன்கப்பியைத் திறந்து பார்த்தபோது எடையாக வேலைசெய்யும் மூன்று கைகளிலும் கனமான உலோகப் பின்கள் செருகியிருந்தன. ஒன்டாரியோவில் உறைந்த ஏரிகளின்மேல், தாழ்வான நிலத்தில் ஓட்ட அது சரியான அமைப்பு. விற்றவர் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை.

இந்தக் கப்பியில் ஒன்று முதல் ஆறு வரை எண் பொறித்த மூன்று திருகுகள் உண்டு. ஓர் எண் கூட்டினால் சுமார் 200 சுற்று கூடும். மூன்றையும் ஒரே எண்ணில் வைக்க வேண்டும். நட்டைத் தளர்த்தி, திருகை வெளியே இழுத்து, திருப்பி, மறுபடி இறுக்கினால் தீர்ந்தது. நட்டை முழுதாகக் கழற்றக்கூடாது; கழற்றினால் உள்ளேயிருக்கும் வாஷர் விழுந்துவிடும். மைனஸ் 18 டிகிரியில் கையுறை இல்லாமல் நான் முழுதாகக் கழற்றினேன். ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு விலை ஒரு முழு நாள். வண்டியை டிரெய்லரில் ஏற்றி, 400 கிலோமீட்டர் திரும்பி வந்து, கப்பியையே இழுத்துக் கழற்றி வாஷரை எடுத்தேன்.

மூன்றிலிருந்து ஐந்துக்கு வைத்ததும் 7,800 வந்தது. லேசான பின்கள் போட்டதும் 8,100. மேலே ஏறி நிறுத்தியவுடன் பின்கப்பியில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார் எதிர்வீட்டுக்காரர். கை பொறுக்காத சூடு என்றால் பெல்ட் வழுக்குகிறது, திறன் சூடாகப் போகிறது என்று பொருள். பொறுத்தது. பின்களுக்கு ஆன செலவு பைப்பின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பைப்பைப் பாதி விலைக்கு விற்றேன்; வாங்கியவரிடம் ஜெட்டைப் பற்றி மூன்று தடவை சொன்னேன்.

திறன் வந்ததும் வேறொரு தொல்லை. இழுவை கூடியதால் மூக்கு இன்னும் அதிகமாகத் தூக்கியது. டிராக்கின் உள்ளே சஸ்பென்ஷனின் முன்பக்கக் கையைப் பிடித்திருக்கும் ஒரு பட்டை உண்டு. அதில் வரிசையாகத் துளைகள். பட்டையைக் குறுக்கினால், முன்னால் இருக்கும் சறுக்குப் பலகைகளான ஸ்கீகள் தரையை விடாது. நான் ஆத்திரத்தில் இரண்டு துளை குறுக்கினேன். ஹேண்டில்பார் எருமை மாட்டைத் திருப்புவதுபோல் கனத்தது, முன்பக்கம் பனிக்குள் முகம் புதைத்தது. ஒரு துளை விட்டுக்கொடுத்ததும் அடங்கியது. பிறகு இரு ஸ்கீகளையும் இணைக்கும் சமநிலைக் கம்பியைக் கழற்றினேன், ஸ்கீகளின் இடைவெளியையும் குறைத்தேன். சரிவின் குறுக்கே போக வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். முன்பு முழு உடம்பையும் தொங்கவிட்டுச் செய்ததை இப்போது ஒரு காலை மாற்றி வைத்துச் செய்ய முடிகிறது. இறுகிய பாதையில் வளைவுகளில் வண்டி கொஞ்சம் ஆடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஏறாத வண்டி ஒரு வகையில் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. 2010 மார்ச் 13 அன்று இதே போல்டர் மலையில்தான், ஸ்னோமொபைல்காரர்கள் கூடியிருந்த இடத்தில் பனிச்சரிவு இறங்கி இருவர் இறந்தார்கள். அதனால் சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறுவோம். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் டிரான்ஸ்சீவர் கருவி உடம்பில், மண்வாரியும் துழாவுகோலும் முதுகுப்பையில். அவலாஞ்ச் கனடா அமைப்பு தரும் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்காமல் யாரும் டிரெய்லரைத் திறப்பதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் எச்சரிக்கை தாழ்வாக இருந்தது. எதிர்வீட்டுக்காரரும் மற்றவர்களும் ஏறி மேலே நின்றார்கள். நான் கடைசி. பழைய குழி இருந்த இடத்தைத் தாண்டியதுகூடத் தெரியவில்லை. கண் டாக்கோமீட்டர் முள்ளைவிட்டு நகரவில்லை. மேலே போய் இன்ஜினை அணைத்தேன். எதிர்வீட்டுக்காரர் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்:

“எத்தனை?”

“8,100.”

காபியை ஊற்றினார்.