கிரேடு 5 தியரிக்கு லில்லிபாண்ட் எனக்கு எப்படி உதவுச்சு

கிரேடு 5 மியூசிக் தியரி எக்ஸாமுக்கு படிச்சிட்டு இருந்தப்போதான் லில்லிபாண்ட் கத்துக்கிட்டேன், நாம டைப் பண்ற டெக்ஸ்ட்டை மியூசிக் ஷீட்டா மாத்துற சாஃப்ட்வேர் அது, அதுவரைக்கும் மவுஸால ஒவ்வொரு நோட்டா புடிச்சு ஸ்டேவ்ல (நோட் எழுதுற அஞ்சு கோட்டுல) வச்சுட்டு இருப்பேன், ஒரு பக்கம் முடிக்கவே பாதி ராத்திரி ஆயிடும். லில்லிபாண்ட்ல எல்லாமே டைப்பிங்தான். சி4னு (c4) அடிச்சா க்ராட்செட் (ஒரு பீட் நோட்), சி8னா (c8) க்வேவர் (அரை பீட் நோட்), அடுத்த நோட்டும் அதே நீளம்னா எண்ணை திரும்ப போடவே வேணாம். எடிட்டருக்கு ஃப்ரெஸ்கோபால்டி போட்டுக்கோங்க, ஃப்ரீதான், ஒரு பக்கம் டெக்ஸ்ட் பக்கத்துலயே ஷீட், கன்ட்ரோல் எம் அழுத்தினா போதும், ஷீட் வந்துடும், ஷீட்ல ஒரு நோட்டை க்ளிக் பண்ணா டெக்ஸ்ட்ல அதே இடத்துக்கு கர்சர் போயிடும்.

புதுசா வர்றவங்க மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. ஜி மேஜர்னு கீ சிக்னேச்சர் (எந்த நோட் ஷார்ப், எது ஃப்ளாட்னு ஆரம்பத்துல போடுற குறி, ஜி மேஜர்ல எஃப் ஷார்ப்) குடுத்துட்டு வெறும் எஃப் அடிச்சா அது ஷார்ப் ஆகாது, நேச்சுரல் குறியோட (ஷார்ப்பும் இல்ல ஃப்ளாட்டும் இல்லன்னு காட்டுற குறி) வந்து நிக்கும். எஃப் ஷார்ப்புக்கு ஃபிஸ்னு (fis) நீங்களே அடிக்கணும், பி ஃப்ளாட்னா பெஸ் (bes), எல்லாம் டச்சு பேரு. மொதல்ல எனக்கு செம எரிச்சல். ஆனா ரெண்டு வாரம் அப்படியே அடிச்சதுல எந்த கீயில எந்த நோட் ஷார்ப்னு கை தானா சொல்ல ஆரம்பிச்சிடுச்சு, சார்ட்டை மனப்பாடம் பண்ணப்போ இது எனக்கு வரவே இல்ல.

இன்னொண்ணு, இதை தயவுசெஞ்சு விடாதீங்க. சர்ச் கொயருக்கு ஆல்ட்டோ பார்ட் அடிச்சப்போ அஞ்சாவது பார்ல (பார்னா தாளத்தோட ஒரு கட்டம்) ஒரு க்வேவரை விட்டுட்டேன், அதுக்கப்புறம் வந்த எல்லா பாரும் அரை பீட் முன்னாடி நகர்ந்துடுச்சு, ரிகர்சல்ல அவங்க பாட ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, அன்னைக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. அப்போல இருந்து ஒரு வரிக்கு ஒரு பார்தான், ஒவ்வொரு வரி கடைசியிலயும் ஒரு நெட்டுக்கோடு (|). பாருக்குள்ள பீட் கணக்கு இடிச்சா எந்த வரின்னு லாக்ல வார்னிங் வந்துடும். ரெலட்டிவ் மோடு (ஒவ்வொரு நோட்டோட ஆக்டேவையும் முந்தின நோட்டை வச்சே எடுத்துக்கிறது) வேகமாதான் இருக்கும், ஆனா அதுல ஒரு ஆக்டேவ் குறி தப்புனா பின்னாடி வர்றதெல்லாம் சேர்ந்து ஏறிடும் இல்ல இறங்கிடும், அதனால நாலு பாருக்கு ஒரு தடவை ஷீட்டை பாத்துட்டே போங்க.

எக்ஸாம்ல வர்ற ட்ரான்ஸ்போஸ் கேள்விக்கு (மெலடியை வேற கீக்கு மாத்தி எழுதுறது) நான் பண்ணது இதுதான். பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு எழுதுறதை மொதல்ல பேப்பர்ல கையாலயே ஒரு டோன் ஏத்தி எழுதுவேன், அப்புறம் அதே மெலடியை அடிச்சு ட்ரான்ஸ்போஸ் கமாண்ட்ல சி, டி (சி-யை டி-யா ஏத்துன்னு அர்த்தம்) குடுத்து வர்ற ஷீட்டோட ஒத்துப் பாப்பேன். கீ சிக்னேச்சர் எனக்கு சரியா வரும், நடுவுல வர்ற ஆக்சிடென்டல்லதான் (கீ சிக்னேச்சர்ல இல்லாம தனியா வர்ற ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல்) அடிக்கடி விட்டிருப்பேன், அதையெல்லாம் சிவப்பு பேனாவால வட்டம் போட்டு வச்சிட்டு எக்ஸாமுக்கு முந்தின வாரம் வட்டம் போட்ட அந்த இடங்களை மட்டும்தான் திரும்ப எழுதிப் பாத்தேன்.