செவலைக்கு ஊற்றிய லத்திக் கரைசல்

என் குதிரை செவலைக்குப் பின்னங்காலில் முள்கம்பி கிழித்துப் புண் சீழ் வைத்துவிட்டது. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி. புண் ஆறிவரும் நேரத்தில் கழிச்சல் ஆரம்பித்தது. முதல் நாள் இளகலாகப் போனது. மறுநாள் காலையில் பார்த்தால் லாயத்துச் சுவர் முழுக்கத் தண்ணீராகப் பீய்ச்சியிருந்தது. கொள்ளுப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கோவையிலிருந்து டாக்டரம்மா வந்தார். ஊசியை நிறுத்திவிட்டுக் கழுத்தில் டிரிப் போட்டார். அப்புறம் நான்கு கால்களுக்கும் ஐஸ் கட்டச் சொன்னார். கழிச்சலுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். குடல் புண்ணாகி நச்சு ரத்தத்தில் கலந்தால் குளம்புக்குள் வீங்கி, குதிரை நிற்கவே முடியாமல் போய்விடுமாம். டிராக்டர் டியூபை வெட்டிக் காலில் கட்டி, மீன்கடைக்குப் போகும் ஐஸை உடைத்து உள்ளே கொட்டிக்கொண்டே இருந்தோம்.

எந்தக் கிருமி என்று லேபில் பிடிபடவில்லை. மூன்றாம் நாளும் கழிச்சல் நிற்காததால், "நல்ல குதிரையோட லத்தியக் கரைச்சு ஊத்திப் பாக்கலாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

குதிரை மாடு போல அசைபோடாது. நாரைப் புளிக்கவைத்துச் செரிக்கும் வேலை முழுக்கக் கடைசியில், பெருங்குடலில் நடக்கிறது. அதன் தொடக்கத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு, முப்பது லிட்டர் வரை பிடிக்கிற பை ஒன்று இருக்கிறது. அங்குள்ள கிருமிகள் நாரிலிருந்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள்தான் குதிரைக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் தருகின்றன. புண்ணுக்குப் போட்ட மருந்து இந்தக் கிருமிகளையும் சேர்த்து அழித்துவிட்டால், காலியான இடத்தில் கெட்டது குடியேறிவிடும். நல்ல குதிரையின் லத்தியோடு நல்ல கிருமிகளைத் திரும்பக் குடியேற்றிப் பார்ப்பதுதான் யோசனை.

மனிதர்களுக்கும் இதைச் செய்கிறார்கள். 1958-இல் அமெரிக்காவின் டென்வரில் நான்கு நோயாளிகளுக்குச் செய்து பார்த்தார்கள். 2013-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், திரும்பத் திரும்பப் பேதியாகிக்கொண்டிருந்த 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் நின்றிருக்கிறது. "அதை வெச்சுக் குதிரைக்கும் அப்படியேன்னு நினைச்சுக்காதீங்க. இதுல நடந்த ஆய்வெல்லாம் சின்னச் சின்னது, முடிவும் ஒரே மாதிரி வரல" என்றார். மறைக்காமல் சொன்னதால்தான் சரி என்றேன்.

என் மற்ற குதிரைகளிடம் எடுக்கக் கூடாது, அவற்றுக்கும் தொற்றியிருக்கலாம் என்றார். ஆறு மாதமாக ஆன்டிபயாடிக் படாத, நன்றாகப் புல் தின்கிற பெரிய குதிரை வேண்டும். ஆனைமலைப் பக்கம் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் காயடித்த ஆண் குதிரை இருந்தது. போனில் கேட்டதும், "லத்தி எதுக்குங்க தம்பி, தென்னைக்கா?" என்றார்.

அதன் லத்தியில் புழு முட்டை, கழிச்சல் உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இரண்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர மூன்று நாள். அந்த மூன்று நாள்தான் பெரிய கொடுமை. பரிசோதிக்காமலே ஊற்றிவிடலாமே என்று கெஞ்சினேன். டாக்டரம்மா அசையவில்லை.

ஆறாம் நாள் காலை. சூடு ஆறாத லத்தி ஒன்றரைக் கிலோ, தரையில் படாத மேல்பகுதியாகப் பார்த்து எடுத்து, காற்றை வெளியேற்றிக் கவரில் கட்டி பைக்கில் பறந்து வந்தேன். மிக்ஸியில் அடிக்கட்டுமா என்று கேட்டதற்குத் திட்டு கிடைத்தது. இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காற்றுதான் எமனாம். நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கையாலேயே பிசைந்து, பழைய வேட்டியை இரண்டாக மடித்து வடிகட்டினோம். லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மட்டும் முகம் சுளிக்கவில்லை. "குட்டிக தாயோட லத்தியத் தின்னுமுங்களே, அதானுங்க இது" என்றார். அதேதான் என்றார் டாக்டரம்மா. எத்தனை குட்டிகளை அதற்காகக் குச்சியை வைத்து விரட்டியிருக்கிறேன்!

வயிற்று அமிலம் கிருமிகளைக் கொன்றுவிடாமல் இருக்க முந்தின நாளே மருந்து கொடுத்தாகிவிட்டது. மூக்கு வழியே குழாய் இறங்கியது. நுரையீரலுக்குள் போய்விட்டால் கதை முடிந்தது. கழுத்தின் இடது பக்கம் குழாய் நகர்வதை என் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், வயிற்றில் ஏற்கெனவே நீர் தேங்கியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் புனலை உயர்த்தினார். பச்சைத் தேநீர் நிறத்தில் மெல்ல இறங்கியது. இப்படி மூன்று காலை.

இரண்டாம் தடவைக்குப் பிறகு செவலை காய்ந்த புல்லை இழுத்தாள். அடுத்த நாள் மாட்டுச் சாணி மாதிரி போட்டாள். ஐந்தாம் நாள் உருண்டை விழுந்தது. அந்த உருண்டையைப் போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். "சந்தோஷம். ஆனா ஊசிய நிறுத்துனதாலயும் டிரிப்பாலயும்கூட நின்னிருக்கலாம்" என்று பதில் வந்தது. பெரியவர் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

ஆனைமலை அண்ணன் லத்திக்குக் காசு வாங்கவில்லை. தன் குதிரையை மட்டும் இப்போது டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்.