டேப் பேக்கப் செய்முறைத் தேர்வு: நான் கோட்டைவிட்டதும் பிறகு படித்ததும்

லினக்ஸ் சர்வர் நிர்வாகப் பயிற்சியின் கடைசி நாள் செய்முறைத் தேர்வு. சர்வரில் எல்டிஓ (காந்த நாடாவில் தரவைச் சேமிக்கும் ஒரு வகை) டேப் டிரைவைத் தயார் செய்ய வேண்டும். ஒரே டேப்பில் முதலில் இடிசி அடைவையும் (சிஸ்டத்தின் அமைப்பு ஃபைல்கள் இருக்குமிடம்) அடுத்து ஹோம் அடைவையும் (பயனர்களின் ஃபைல்கள் இருக்குமிடம்) பேக்கப் எடுக்க வேண்டும். பிறகு இடிசியிலிருந்து ஹோஸ்ட்ஸ் ஃபைலை மீட்டுக் காட்ட வேண்டும். ஃபைல்களை ஒன்றாகக் கட்டி டேப்பில் எழுதும் டார் கட்டளையை இரண்டு முறை கொடுத்தேன், இரண்டும் எரர் இல்லாமல் முடிந்தன. மீட்கப் போனால், டேப்பின் தொடக்கத்தில் ஹோம் இருந்தது. இடிசியைக் காணோம்.

எல்லாம் ஓர் எழுத்தால் வந்த வினை. டிரைவின் பெயரை நான் எஸ்டி0 என்று கொடுத்திருந்தேன். அந்தப் பெயரில் திறந்தால் வேலை முடிந்ததும் டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். அடுத்த டார் பழையதன் மேலேயே எழுதும். என்எஸ்டி0 என்று கொடுத்தால் எழுதி முடித்த இடத்திலேயே நிற்கும். டிரைவ் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. இப்படிச் சுற்றாமல் நிற்கும் பெயர் மற்ற யூனிக்ஸ் வகைகளில் வேறு: ஏஐஎக்ஸில் ஆர்எம்டி0.1, சோலாரிஸில் ஆர்எம்டி அடைவுக்குள் 0என், ஃப்ரீபிஎஸ்டியில் என்எஸ்ஏ0. நீங்கள் எழுதப்போகும் தேர்வு எந்த யூனிக்ஸோ, அதன் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுமளவுக்குப் படித்துவிடுங்கள்.

அடுத்த முறைக்குத் தயாரானபோது ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் எம்டி ஸ்டேட்டஸ் (டேப் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் கட்டளை) அடிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றியதும் ஃபைல் நம்பர் 0, பிளாக் நம்பர் 0, கீழே பிஓடி (டேப்பின் தொடக்கம்) என்று காட்டும். முதல் டார் எழுதி முடிந்ததும் ஃபைல் நம்பர் 1 ஆகும். அந்த 1 தெரிந்தால்தான் இரண்டாவது பேக்கப்பைத் தொடங்கலாம். படிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். டார் பட்டியலைக் காட்டி முடித்தாலும் டேப் ஃபைல்மார்க்குக்கு (ஒரு பேக்கப் முடிந்ததைக் காட்டும் அடையாளம்) முன்னாலேயே நின்றுவிடலாம். ஒரு ஃபைல்மார்க்கைத் தாண்டச் சொல்லும் எம்டி எஃப்எஸ்எஃப் 1 கொடுத்தால்தான் அடுத்த பேக்கப்புக்குப் போகும்.

டிரைவைத் தயார் செய்வது அவ்வளவு சிரமமில்லை. இணைந்திருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஸ்கஸி கட்டளையில் டேப் என்ற வரி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் முதலில் கேபிளைப் பாருங்கள், பிறகு எஸ்டி மாட்யூல் (டேப் டிரைவை இயக்கும் லினக்ஸ் டிரைவர்) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிளாக் அளவில்தான், அதாவது ஒரே தடவையில் எழுதும் துண்டின் அளவில்தான், பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எம்டி செட்பிளாக் 0 கொடுத்தால் டிரைவ் மாறும் அளவு பிளாக்குகளை ஏற்கும். டார் வழக்கமாக 20 × 512, அதாவது 10,240 பைட்டாக எழுதும். அந்த 20-க்குப் பதில் 128 என்று கொடுத்து 65,536 பைட்டாக எழுதிய டேப்பைச் சின்ன அளவில் படிக்கப் போனால் 'கேனாட் அலோகேட் மெமரி' என்று வரும். ரேம் போதவில்லை என்று நினைத்து அரைமணி நேரத்தைத் தொலைத்துவிடாதீர்கள். எழுதிய அதே எண்ணைக் கொடுத்துப் படித்தால் வந்துவிடும்.

வீட்டில் டேப் டிரைவ் யாரிடம் இருக்கிறது? எம்எச்விடிஎல் என்ற இலவச மென்பொருளை ஒரு விர்ச்சுவல் மெஷினில் நிறுவிக்கொள்ளுங்கள். அது போலி டிரைவையும் டேப்பையும் உருவாக்கித் தரும். நான் இரண்டு வாரம் அதில்தான் பழகினேன், பெரும்பாலும் மீட்பதை மட்டும். எடுப்பதை எல்லோரும் பழகுகிறார்கள். தேர்வில் கையை உதறவைப்பது மீட்பதுதான்.

பாதையின் முதல் சாய்கோட்டை டார் நீக்கிவிட்டுத்தான் பதிவு செய்யும். அதனால் மீட்கும்போது சாய்கோடு இல்லாமல் 'இடிசி/ஹோஸ்ட்ஸ்' என்றே கேட்க வேண்டும். இரண்டாவது தேர்வில் டெம்ப் அடைவுக்குள் நின்றுகொண்டு டேப்பைச் சுற்றி, ஸ்டேட்டஸில் 0 பார்த்து, அப்படித்தான் கேட்டேன். ஃபைல் வந்தது.