மூட்டு ஓ.பி. நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

மூட்டு, தசை நோய்ப் பிரிவில் இன்று போஸ்டிங் ஆரம்பம். எலும்பு முறிவுப் பிரிவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள். அங்கே கத்தி, இங்கே மருந்து. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

வந்தவர்கள் எல்லோரிடமும் பேராசிரியர் தவறாமல் கேட்டது ஒன்று: "காலையில எழுந்ததும் கை கால் எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கு?" யாருமே நிமிடக் கணக்கில் பதில் சொல்லவில்லை. "அடுப்பைப் பத்தவைக்கிற வரைக்கும்" என்றார் ஒரு பாட்டி. இன்னொரு பெண், "பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனப்புறம்தான் விரலே மடங்குது" என்றார். அந்தப் பதில்களை நிமிடமாக மாற்றிக்கொள்வது நம் வேலை. அரை மணிக்குள் விட்டுப்போனால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்தையும் தாண்டினால் மூட்டுக்குள் அழற்சி இருக்கிறதா என்று தேட வேண்டும். தேய்ந்த மூட்டு வேலை செய்யச் செய்ய வலிக்கும். அழற்சி உள்ளது நடமாட நடமாட இளகும்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று பார்த்த அந்தப் பெண்ணின் கைகளை இன்று நிதானமாகப் பார்க்க முடிந்தது. பூக்கட்டும் தொழில். நான்கு மாதமாக நாரை இழுத்து முடிச்சுப் போட முடியவில்லை என்கிறார். இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன. கையை மூடச் சொன்னால், முஷ்டியில் மேடும் பள்ளமுமாகத் தெரிய வேண்டிய இடம் நிரவிக் கிடந்தது. விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டு வரிசையைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தியதுமே முகம் சுருங்கிவிட்டது. மூட்டின் மேல் விரல் வைத்தால் ஊறவைத்த திராட்சை போல மெத்தென்று இருக்கிறது. உள்ளே தடித்துப்போன மூட்டுச் சவ்வு அது. நகத்தை ஒட்டிய கடைசி மூட்டுகளில் மட்டும் ஒன்றுமில்லை. முடக்குவாதம் பொதுவாக அவற்றைத் தொடாது.

நேற்றைய பாட்டிக்கு நேர்மாறு. அவருக்கு நகத்தை ஒட்டித்தான் முடிச்சு முடிச்சாக இருந்தது, தொட்டால் கல். ஹெபர்டன் கணு என்று படித்திருப்பீர்கள். இந்த இருவரின் கையையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பூக்கட்டும் அம்மா ஒரு லேப் ரிப்போர்ட்டும் வைத்திருந்தார்: ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ். அதை நம்பி, வாதம் இல்லை என்று மூன்று மாதம் வெறும் வலி மாத்திரையில் ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. முடக்குவாதக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கும், ஒரு நோயும் இல்லாத சில முதியவர்களுக்கும் பாசிட்டிவ் வரலாம். ஆன்டி-சிசிபி என்பது முடக்குவாதத்துக்கு இன்னும் கறாரான ரத்தப் பரிசோதனை, ஆனால் அதுவும் கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஈடாகாது. 2010-இல் வந்த வகைப்பாட்டில் 10-க்கு 6 மதிப்பெண் எடுத்தால் முடக்குவாதம். அதில் அதிக மதிப்பெண், அதாவது 5 வரை, எந்த மூட்டுகள், எத்தனை மூட்டுகள் என்பதற்குத்தான். 6 வாரம் நீடித்ததா என்பதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு.

நம் ஊரில் அந்த ஆறு வாரத்துக்கு முன்னால் வருபவரிடம் காய்ச்சல் வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். 2006-இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டில் பரவியபோது காய்ச்சல் போனபிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலியோடு அலைந்தவர்கள் ஏராளம். பார்வைக்கு அது அப்படியே முடக்குவாதம் போலவே இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

24 வயதுப் பையன், இரண்டு வருடமாக இடுப்பு வலி. விடியற்காலை மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடுமாம். எழுந்து நடந்தால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது. டிஸ்க் வலி என்றால் ஓய்வில்தானே குறைய வேண்டும்? இடுப்புக் குழிகளின் மட்டத்திலிருந்து மேலே 10 செ.மீ. அளந்து குறி வைத்து, குனியச் சொன்னோம். சாதாரணமாக அது 15-ஐ ஒட்டி நீளும். இவனுக்கு 12-லேயே நின்றுவிட்டது. கண் சிவந்து வலித்ததுண்டா என்று கேட்டதும், "அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றான். முதுகெலும்பை இறுக்கும் அழற்சி வாதம் என்று சந்தேகம், அதில் கண்ணும் சிவக்கலாம். முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளுக்கு எம்.ஆர்.ஐ.யும், இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு அடையாளமான எச்.எல்.ஏ. பி27-க்கு ரத்தப் பரிசோதனையும் எழுதினோம்.

ஜூன் 6, வெள்ளி

ஒரே ஒரு முழங்கால், சிவந்து, சூடாக, கூடவே காய்ச்சல். ஓ.பி. மொத்தமும் நின்றது. நீரை உறிஞ்சி எடுக்கும் வரை இது சீழ் மூட்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தாமதித்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு போய்விடும். ரத்தத்தில் யூரிக் ஆசிட் நார்மல்தான். அது கவுட் (யூரிக் ஆசிட் படிகமாகி மூட்டில் தங்கும் நோய்) இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது, தாக்குதலின்போது அளவு இறங்கியிருக்கலாம். நீரில் செல் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டினால் கிருமிச் சந்தேகம் வலுக்கும். இவருக்கு 18,000. போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் ஊசி ஊசியாகப் படிகங்கள். கவுட்தான். ஆனாலும் கிருமி வளர்கிறதா என்று பார்க்க நீரைக் கல்ச்சருக்கு அனுப்பினோம், படிகமும் கிருமியும் ஒரே மூட்டில் சேர்ந்திருக்கலாம்.

ஜூன் 10, செவ்வாய்

பூக்கட்டும் அம்மாவுக்கு முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஆரம்பித்தோம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும், உயிரும் போயிருக்கிறது. அதனால் "வாரம் ஒருமுறை" என்று எழுதுவதோடு நிறுத்தக்கூடாது, கிழமையையும் எழுத வேண்டும். அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். "புதன்கிழமை போடுங்க, அன்னைக்குப் பூ ஆர்டர் கம்மி" என்றார். சீட்டில் புதன் என்று பெரிதாக எழுதி, அதன் பக்கவிளைவைக் குறைக்கும் வைட்டமினான ஃபோலிக் ஆசிட்டுக்கு வெள்ளி என்று குறித்தேன். கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால் கர்ப்பத் திட்டம் உண்டா என்றும் கேட்டாயிற்று. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர். நான்கு வாரத்தில் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்த்துவிட்டு டோஸை ஏற்ற வேண்டும். நாளை லூபஸ் (உடலின் எதிர்ப்புசக்தி உடலையே தாக்கும் ஒரு நோய்) கிளினிக்.