பக்கத்து வீட்டு அடுப்பு

தங்கச்சிமடம், ராமேஸ்வரம் தீவு, 2025

மார்ச் 5, சாம்பல் புதன்
பூசைக்குப் பக்கத்து வீட்டுக்காரி வரவில்லை. படியில் உட்கார்ந்திருந்தாள். "தலைவலிக்கா" என்றாள். புருஷன் போன போட்டை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனதிலிருந்து யார் கேட்டாலும் தலைவலிதான்.

மார்ச் 8
அம்மாவுக்கு இரவெல்லாம் மூச்சிழுப்பு. விடியும்போது கொஞ்சம் தணிந்தது. வாய் திறந்து சொன்ன முதல் பேச்சு: "ஏடி, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தமே கேக்கலையே. அவுக என்னத்தத் திங்கிறாக?"

படுக்கையில் கிடக்கிறவள் காதில் விழுந்திருக்கிறது. அன்பியத்தில், அதாவது பங்குக் குடும்பங்கள் கூடுகிற ஜெபக் கூட்டத்தில், அந்த வீட்டுக்காக ஜெபமாலை சொல்லிவிட்டு, எல்லோரும் அதே வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தோம்.

அரிசி கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். வாங்குவாளா? போட்டு வந்த நாளெல்லாம் எங்களுக்கு நண்டு கொடுத்து அனுப்பிய கை அது. யாக்கோபு எழுதியது நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது: உடையும் உணவும் இல்லாதவரிடம் "நலமே போங்கள், பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன பயன்? மத்தேயு 25-ல் இடப்பக்கம் நிற்பவர்கள் யாரையும் அடித்தவர்கள் இல்லை. "ஆண்டவரே, உம்மை எப்போது பசியுள்ளவராகக் கண்டோம்" என்றுதான் கேட்கிறார்கள். வலப்பக்கத்தாரும் அதையேதான் கேட்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்ச் 14
கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகுகள் போயின. அவள் கதவு சாத்தியே கிடந்தது.

மார்ச் 22
வழி அம்மாவிடம் இருந்தது. ஜன்னல் வழியாக அவளைக் கூப்பிட்டு, "என்னைத் தூக்கி உக்கார வைக்க இவளுக்குத் தெம்பு பத்தல, நீ கொஞ்சம் வாத்தா" என்றாள். வந்தாள். உட்கார வைத்தாள். கஞ்சி வைத்திருந்தேன், மூவரும் குடித்தோம். பிள்ளையும் புத்தகத்தோடு வந்து எங்கள் ஃபேனடியில் உட்கார்ந்துவிட்டது.

அவர்கள் போனபின் அம்மா, 1964 புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்த கதையைச் சொன்னாள். மண்டபத்தில் யாரோ ஒருத்தி எந்த ஊர், யார் பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அம்மாவின் ஈரப் பாவாடையைக் கழற்றிவிட்டுத் தன் சேலையில் சுற்றிக்கொண்டாளாம்.

மார்ச் 28
பிள்ளைக்குப் பத்தாவது பரீட்சை ஆரம்பம். இட்லி எங்கள் வீட்டில்.

மார்ச் 30
நேற்று அமாவாசை. பாசி எடுக்கிற பெண்களோடு அவளும் கடலில் இறங்கியிருக்கிறாள், முதல் தடவையாக. விரலெல்லாம் பாறை கிழித்த கீறல். வெந்நீரில் கழுவி மருந்து போட்டுவிட்டேன். பாம்பன் கிழவி ஒருத்திதான் விரலுக்கு எப்படித் துணி சுற்றுவது என்று காட்டிக்கொடுத்தாளாம். தண்ணீருக்குள் பார்க்கப் போடுகிற தன் கண்ணாடியையும் கழற்றித் தந்தாளாம். அந்தக் கிழவியைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 5
பிடிபட்ட மீனவர்களில் சிலரை இலங்கையில் விடுதலை செய்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அவள் புருஷன் அதில் இல்லை.

ஏப்ரல் 6
பாம்பன் புதுப் பாலம் திறப்பு. எங்கும் போலீஸ், பஸ் ஓடவில்லை. அம்மாவின் மாத்திரை தீர்ந்துவிட்டது. அவள்தான் வெயிலில் நடந்துபோய் வாங்கி வந்தாள்.

ஏப்ரல் 15
மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். இனி ஒரு வீட்டின் கவலை மட்டும் இல்லை, தெருவே அப்படித்தான். நிவாரணம் 8,000 ரூபாய் என்றாவது வரும். வருவதற்குள் கடைப் பற்று ஏறிவிடும்.

தவக்கால உண்டியல் பணத்தை என்ன செய்வதென்று அன்பியத்தில் பேச்சு. பட்டியல் எழுதி, கோயிலில் பெயர் வாசித்து அரிசிப் பை கொடுக்கலாம் என்றார்கள். கூடாது என்று சண்டையே போட்டேன். பெயர் வாசித்தால் அவள் எழுந்து வரமாட்டாள். அவளைப் போல எத்தனை பேர்! மளிகைக்கடை பாயிடம் போனோம். பற்று நோட்டை எடுத்து, எந்தப் பக்கத்தில் பாக்கி கனத்திருக்கிறது என்று அவரே விரல் வைத்துக் காட்டினார். பெயரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பணத்தைக் கட்டினோம். சில்லறைப் பாக்கிகளைத் தன் கணக்கில் அவரே அடித்துவிட்டார். யார் கொடுத்தது என்று கேட்டால் சொல்லவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 16
அம்மாவுக்கு இழுப்பு நிற்கவே இல்லை. நாளை முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் கொண்டுபோகிறோம். அவளும் கூட வருகிறாள். பாய் நோட்டில் இன்னும் நாலு வீடு பாக்கி.